வழுக்கு நிலமும் வண்டிச் சில்லும்

சேற்றுக்குத் தமிழிற் பெயர்கள் பல. சேறு, சகதி, அள்ளல், அளறு என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும். உழுதுண்டு வாழ்ந்த ஒரு மக்களின் மொழி வேறு எவ்வாறு இருக்கும்? கால் வைத்தால் வழுக்கும் ஈரநிலத்தை வள்ளுவர் 'இழுக்கல்' என்றார். அச்சொல் வருவது கேள்வி என்னும் அதிகாரத்திலே. வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு ஊன்றுகோல் எப்படித் துணையோ, அப்படியே வாழ்வு வழுக்கும் இடத்தில் ஒழுக்கமுடையாரின் வாய்ச்சொல் துணையாகும் என்பது அக்குறளின் கருத்து.

இக்குறளைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. நடப்பவனுக்கு ஊன்றுகோல் உண்டு. வண்டி ஓட்டுபவனுக்கு என்ன உண்டு? சில்லு வழுக்கினால் எதை ஊன்றுவது? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நான் வாழும் வன்னியிலே மாரிகாலம் வந்தால் இது உயிர் பற்றிய கேள்வி. கடல் கடந்து போன நம் பிள்ளைகளுக்கோ, வேறொரு வகையில், ஆண்டுக்கு நான்கைந்து மாதம் இதுவே கேள்வி.

பனிக்கும் நம் இலக்கணம் இடங்கொடுத்தது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் அந்தப் பனி புல்லின் நுனியில் நிற்பது, தலையை நனைப்பது. வீதியின்மேற் கல்லாய் உறைந்து கிடப்பதன்று. ஈழத்திலே அதற்குச் சற்று அணித்தாக வருவது நுவரெலியா. தை, மாசி விடியல்களிற் சில நாள் அங்கே புல்லும் தேயிலையும் வெண்மை பூத்து நிற்கும். வெயில் ஏற மறைந்துவிடும். வன்னியான் அறிந்த வழுக்கல் சேற்று வழுக்கல் ஒன்றே. அவன் பிள்ளை இன்று கனடாவிலே உறைபனியின்மேல் வண்டி ஓட்டுகிறான். சேற்றுக்கும் பனிக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டா? உண்டு. ஆனால் அந்தப் பொது விதிக்கு ஒரு புறனடையும் உண்டு. அந்தப் புறனடையை அறியாதவன் ஆபத்தில் அகப்படுவான்.

முதலிலே பழைய வண்டியைப் பார்ப்போம். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையன, பாரமோ மிகுதி, வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ, யாரறிவார்! ஆதலின் வணிகர் வண்டியின் அடியிலே இன்னோர் அச்சையும் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டனராம். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு அந்தச் சேம அச்சை உவமையாக்கினார் புலவர். புகழப்பட்டவன் அரசன் மகன். எனக்கோ அந்த வணிகர்மேலேயே மதிப்பு. வழி கெடும் என்று வழி கெடுமுன்னரே நினைத்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு இன்னொரு துணையும் இருந்தது. அது எருது. எருதுக்குக் காலிலே அறிவுண்டு. குளம்பு வழுக்கினால் அது தயங்கும், நிற்கும், அடித்தாலும் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும். வண்டிக்காரன் உறங்கினாலும் எருது உறங்காது. இயந்திரத்துக்கு அந்த அறிவில்லை. காலால் மிதித்த அளவுக்குச் சில்லைச் சுழற்றும். சில்லு மண்ணைப் பற்றியதா, வெறுமனே சுழல்கிறதா என்று அது கேளாது. எருதின் குளம்புக்கு இருந்த அறிவு இப்பொழுது சாரதியின் உள்ளங்காலுக்கு வரவேண்டும்.

இன்னும் ஒரு வேற்றுமை. எருது முன்னே நின்று இழுக்கும். வண்டி அதன் பின்னே வரும். நம் லொறியும் உழவு இயந்திரமும் அப்படியல்ல. இயந்திரம் முன்னே இருந்தாலும் அதன் வலிமை பின் அச்சுக்கே போகிறது. பின்சில்லுகள் தள்ளுகின்றன, முன்சில்லுகள் திசை காட்டுகின்றன. பின்னே நின்று தள்ளும் சில்லு பிடி இழந்தால் நேரே நில்லாது. பக்கவாட்டில் ஓடி முன்னதை முந்தப் பார்க்கும். வண்டியின் வால் தலையைத் துரத்தும். பின்சில்லால் ஓடும் வண்டியின் ஆபத்தெல்லாம் இதனுள் அடங்கும்.

பாரம் ஏற்றிய லொறியிலும் வெறும் லொறி சேற்றில் அதிகம் வழுக்குவதற்குக் காரணமும் இதுவே. இயந்திரத்தின் எடை முன்னே. பின்னே பெட்டி வெறுமை. தள்ள வேண்டிய சில்லுகளை மண்ணோடு அழுத்துவதற்கு எடை இல்லை. அதற்காக அளவு மீறி ஏற்றலாமோ? ஏற்றலாகாது. மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதலிலே வள்ளுவர் எச்சரித்ததை லொறிக்காரரும் படிக்கலாம்.

இனிப் பொது விதிக்கு வருவோம். சில்லு நிலத்தைப் பற்றும் பிடியை மடியிலுள்ள பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு மூன்று செலவுகள்: ஓடுதல், திரும்புதல், நிற்றல். உலர்ந்த தார் வீதியிலே மடி நிறைந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு செலவு செய்தாலும் தாங்கும். ஈரத்தில் மடி பாதியாகும். உறைந்த பனியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே மிஞ்சும். அப்பொழுது திரும்பிக்கொண்டே பிறேக் மிதிப்பவன் ஒரு காசை இருவருக்குக் கொடுக்க முயல்பவன். இருவருக்கும் கிடையாது; வண்டி தன் போக்கிலே போகும்.

கணக்கும் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, பிறேக் பிடித்தபின், உலர்ந்த வீதியிலே ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். நனைந்த வீதியிலே 25 மீற்றர் வேண்டும். இறுகிய வெண்பனியிலே 50 மீற்றர். வழுவழுத்த பனிக்கட்டியிலே 100 மீற்றர். சாரதி கண்டு, எண்ணி, காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடியில் ஓடிவிடும் 14 மீற்றர் இதற்குப் புறம்பு. ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் இத்தூரம் பாதியாவதில்லை; நாலில் ஒன்றாகிறது. பனிக்கட்டியில் 100 மீற்றர் கேட்ட வண்டி, 25 கிலோமீற்றர் வேகத்திலே 25 மீற்றரில் நிற்கும். வேகத்தைக் குறைப்பதுபோல இலாபம் தரும் வியாபாரம் வேறில்லை.

இந்த விதியோடு வன்னி வீதிக்கு வருவோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை பெய்யும். கோடை முழுதும் வீதியிலே படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையிலே குழைந்து மேலே வரும். ஆதலின் அடைமழையிலும் முதல் மழையே தார் வீதியில் வஞ்சகமானது. கண்டி வீதியை விட்டு இறங்கினால் கிரவல் வீதி. அதையும் விட்டால் களிமண் பாதை. அதற்கும் அப்பால் குளக்கட்டு. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பள்ளம், நடுவே வண்டியகலம் மட்டும் உள்ள குளக்கட்டிலே வழுக்கல் என்ற சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. 2018 மார்கழியிலே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாகிய நாட்களை மறந்தவர் இங்கே இல்லை.

கைதேர்ந்த சாரதிமார் செய்வதை நான் பார்த்தும் கேட்டும் அறிந்தேன். புறப்படும்போது கிளச்சை மெல்ல விடுவர். வெறும் லொறியானால் இரண்டாங் கியரிலேயே புறப்படுவர். அப்பொழுது சில்லு வெறித்துச் சுழலாது. வளைவு வருமுன்னரே வேகத்தைக் குறைத்துவிடுவர். வளைவினுள் புகுந்தபின் பிறேக்கும் மிதியார், வேகமும் கூட்டார். குளக்கட்டிலிருந்து இறங்குமுன்னரே சிறிய கியருக்கு வந்துவிடுவர். முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே தாராளமாக வெளி விடுவர். வன்னியில் இரவிலே வீதி நடுவிற் படுத்திருக்கும் மாடுகளுக்காகவும் அந்த வெளி வேண்டும்.

வடக்கே போகும் சாரதி முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து போவதில்லை. இறங்குவர், கற்பூரம் கொளுத்துவர், தேங்காய் உடைப்பர், கச்சானும் வாங்குவர். தேங்காய் உடைத்த கையோடு சில்லுகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, ரயரின் வெட்டுக்கள் தேய்ந்தனவா என்று பார்க்கும் முதிய சாரதிமார் உண்டு. விக்கினங்களைத் தீர்ப்பவரின் முன்றிலிலே இதைவிடப் பொருத்தமான வழிபாடு எனக்குத் தோன்றவில்லை.

சில்லு புதைந்துவிட்டால்? மேலும் மேலும் மிதிப்பவன் தன் குழியைத் தானே தோண்டுகிறான். முன்சில்லை நேராக்கி, சில்லின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, சருகோ தடியோ சாக்கோ இட்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுப்பதே முறை. ஒரு சில்லு சேற்றிலே சுழல மற்றது அசையாது நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். வளைவுகளிலே இரு சில்லும் வெவ்வேறு வேகத்தில் உருள்வதற்கென்று பின் அச்சினுள் வைத்த பற்சக்கரங்களின் வேலை அது. உழவு இயந்திரத்திலே அதைப் பூட்டி இரு சில்லையும் ஒன்றாகச் சுழற்றும் மிதி உண்டு. நேரே போகும்போது மட்டும் அதை மிதிக்க வேண்டும். திரும்பும்போது விட்டுவிட வேண்டும்.

உழவு இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை இளைஞர்கள் கருத்தூன்றிப் படிப்பாராக. சேற்றிலே புதைந்த பின்சில்லுகளோடு பெரிய மரத்தடியைக் குறுக்கே கட்டி, வெளியேற்றப் பார்ப்பவர் உண்டு. சில்லு சுழல முடியாமல் இறுகிப்போனால் இயந்திரத்தின் வலிமை எங்கே போகும்? சில்லைச் சுழற்ற முடியாத அச்சு, இயந்திரத்தின் உடலையே தன்னைச் சுற்றித் தூக்கும். முன்சில்லுகள் மேலெழும், இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து சாரதியின் மேலேயே விழும். நினைத்துக் குதிக்க நேரம் இராது. புதைந்த இயந்திரத்தைப் பின்னோக்கி எடுக்கப் பார்க்க வேண்டும். முடியாவிடில் இன்னோர் இயந்திரத்தைக் கொண்டு இழுப்பிக்க வேண்டும். பாரம் இழுக்கும் சங்கிலியையும் அச்சுக்குக் கீழே, அதற்கென்று உள்ள கொளுவியிலே பூட்ட வேண்டும். அச்சுக்கு மேலே பூட்டினால் அதே ஆபத்து. காலபோகத்தில் ஒரு நாள் பிந்தினால் விதைப்பு ஒரு நாள் பிந்தும். அவசரப்பட்டால் ஒரு குடும்பம் தன் உழவனை இழக்கும்.

இவ்வளவும் வன்னி இலக்கணம். இனிப் புறனடைக்கு வருகிறேன். என்னிடம் பிரவேச பண்டித வகுப்பிலே படித்த ஒருவன் பத்தாண்டு கண்டி வீதியில் லொறி ஓட்டினான். பின்னர் கனடா சென்று ஒன்றாரியோ மாகாணத்திலும் அதே தொழிலைச் செய்கிறான். முதல் மாரி கழிந்தபின் அவன் எழுதிய கடிதத்திலே ஒரு வாக்கியம் இருந்தது: "ஐயா, எங்கள் சேற்றிலே சில்லு புதையும், இந்தப் பனியிலே சில்லு மிதக்கிறது." இலக்கணம் படித்தவன் அல்லவா, வேற்றுமையைச் சரியாகப் பிடித்துவிட்டான்.

சேறு சில்லை வழுக்கவும் செய்யும். பிடித்து நிறுத்தவும் செய்யும். காலை எடுத்தால் வண்டி தானே நின்றுவிடும். ஆதலின் வன்னிச் சாரதி, சேற்றுப் பள்ளத்தைக் கண்டால், ஒரே சீரான வேகத்திலே நிற்காமற் கடக்கப் பழகுகிறான். நடுவிலே தயங்கினால் புதைவான். பனிக்கட்டியோ வழுக்க மட்டும் அறியும். பிடித்து நிறுத்த அறியாது. காலை எடுத்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். சேற்றிலே துணை செய்த வேகம் இங்கே பகையாகும். பிடி குறைவு என்ற விதி ஒன்றே. அதற்கேற்ற பழக்கமோ எதிர்மாறு. சேற்றைக் கடந்தவன் என்ற துணிவோடு பனியில் இறங்குபவன் இந்த ஓர் இடத்திலேதான் தவறுகிறான்.

பனிநாட்டார் தம் வழுக்கலுக்குத் தக்க ஊன்றுகோல்களைக் கண்டிருக்கின்றனர். மாரிக்கென்று வேறு ரயர் உண்டு. சாதாரண ரப்பர் குளிரில் இறுகும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் பிடி தளரும். மாரி ரயரின் ரப்பர் அப்பொழுதும் மென்மை மாறாது. மூன்று முடியுள்ள மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் அதன் அடையாளம். கியூபெக் மாகாணத்திலே சிறிய வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய ரயர் சட்டப்படி கட்டாயம். பின்சில்லே தள்ளுகிறது என்று அதற்கு மட்டும் மாற்றினாற் போதாது. திசை காட்டுவதும் நிறுத்துவதும் முன்சில்லுக்கும் வேலை அல்லவா? நான்கிலும் மாற்ற வேண்டும். மலை வீதிகளிலே தள்ளும் சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டுவர். பின்பெட்டி வெறுமையான சிறு லொறியிலே மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, அசையாமற் கட்டுவர். வால் நுனியில் வைத்தால் முன்சில்லு இலேசாகித் திருப்பத்துக்கு அடங்காது. புதைந்த நாளில் அந்த மணலையே சில்லின்கீழ்த் தூவலாம். உப்பு வணிகரின் சேம அச்சுக்கு இது தம்பி முறை.

வெண்பனி கண்ணுக்குத் தெரியும் பகைவன். தெரியாத பகைவனும் உண்டு. கண்ணாடிபோல் மெல்லியதாய் உறைந்து, உள்ளேயுள்ள தாரின் கருமையைக் காட்டி, நனைந்த வீதிபோலத் தோன்றும் பனிக்கட்டி அது. 'பிளாக் ஐஸ்' என்றே அங்குள்ள தமிழரும் சொல்கின்றனர். பாலங்கள் முதலில் உறையும். கீழேயும் மேலேயும் குளிர்காற்று ஊடாடுவதே காரணம். குளிர் கடுமையான நாளிலும், உறைவதும் உருகுவதுமாய் உள்ள நாளே அதிகம் வழுக்கும். பனிக்கட்டியின்மேல் அன்றைக்கு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்.

கனரக லொறி ஓட்டுபவர்க்கு ஒரு தனி விதி. இறக்கத்திலே இயந்திரத்தின் தடையாலேயே வேகத்தை அடக்கும் கருவி பல லொறிகளில் உண்டு. உலர்ந்த மலை வீதியில் அது உற்ற நண்பன். பனியிலோ அந்தத் தடை முழுவதும் தள்ளும் சில்லுகள்மேல் மட்டும் விழுந்து அவற்றைப் பூட்டிவிடும். இணைப்பு வண்டியானால் நடுவே மடிந்து, பின்வண்டி முன்வண்டியைச் சுற்றி வரும். ஆதலின் வழுக்கு வீதியிலே அக்கருவியை நிறுத்திவிடுக என்பது சாரதிக் கல்வியின் பாடம்.

இவ்வளவு கவனித்தும் வால் விலகினால் செய்வதென்ன? முதலாவது, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கிளச் உள்ள வண்டியில் அதை அழுத்தித் தள்ளும் வலிமையை அறுக்கலாம். பிறேக்கைத் தொடலாகாது. இரண்டாவது, போக வேண்டிய திசையைப் பார்த்து அத்திசைக்கே சுக்கானைத் திருப்ப வேண்டும். வால் வலப்புறம் ஓடினால் சுக்கானும் வலப்புறம். மூன்றாவது, வால் திரும்பி வரத் தொடங்கியதுமே சுக்கானை நேராக்க வேண்டும். பிந்தினால் அது மறுபுறம் ஓடும். முன்சில்லே வழுக்கி, சுக்கானைத் திருப்பியும் வண்டி நேரே போனால், மேலும் திருப்புவதில் பயனில்லை. காலை எடுத்து, திருப்பத்தைச் சற்றுத் தளர்த்தி, சில்லு மீண்டும் பற்றும்வரை பொறுக்க வேண்டும். நிறுத்தும்போதும் இப்படியே. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பிறேக்கை உறுதியாக மிதித்துப் பிடித்திருக்கலாம். சில்லு பூட்டாமல் அக்கருவி பார்த்துக்கொள்ளும். அது இல்லாத பழைய வண்டியில் மெல்ல மிதித்து, பூட்டியது தெரிந்ததும் விட்டு, மீண்டும் மிதிக்க வேண்டும். பனியிற் புதைந்து, குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே இருக்க நேர்ந்தால், புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் மணமற்ற நச்சுவாயு உள்ளே புகுந்து உறக்கத்திலேயே கொல்லும்.

பண்டிதனுக்கு லொறியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியோடு தமிழிற் பேசப்போகும் மருத்துவன் தமிழிலேயே கற்கட்டும் என்பது அவர் கருத்து. பிற நாட்டில் பிறந்த ஒருவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. தமிழாசிரியருக்கு அது இருக்கலாகாதோ? தாய்மொழியிலே ஒருமுறை தெளிந்த பொருள் ஆபத்து வேளையிலே தேடாமல் நினைவுக்கு வரும். வால் வலப்புறம் ஓடும் அந்த விநாடியிலே ஒருவன் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. சங்கப் புலவர் அச்சையும் ஆரையையும் அறிந்து பாடினர். நாம் அவர் பாட்டுக்கு மட்டும் உரை சொல்லி, நம் மாணவர் ஓட்டும் வண்டியை மறந்துவிட்டால், அவர் மரபைக் காத்தவர் ஆகோம்.

ஆசிரியர்கள் இதை ஒரு பாடமாகவே எடுக்கலாம். இழுக்கல் குறளைச் சொல்லும் வகுப்பில் மாரியின் முதல் மழையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லட்டும். உழவு இயந்திரம் பின்புறம் கவிழும் காரணத்தைக் கரும்பலகையில் ஒரு படமாக வரைந்து காட்டட்டும். அவ்வகுப்பில் இருப்பவருள் ஒருவன் நாளை வயலுக்குத் தந்தையின் இயந்திரத்தை ஓட்டிச் செல்வான். ஒருவன் முல்லைத்தீவு வீதியில் லொறி ஓட்டுவான். ஒருவன் விமானம் ஏறுவான். சில்லுக்கு ஊன்றுகோல் இல்லை என்று மேலே சொன்னேன். அறிந்தவர் வாய்ச்சொல் உண்டு. வீதி வழுக்குமுன்னரே அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.